இருபதுக்குப் பதினொன்று

"என் பொண்ணு குறைஞ்சுட்டே வர்றாளுங்க்கா."

கோகிலா வந்ததும் சொன்ன முதல் பேச்சு இதுதான். வணக்கம்கூட அப்புறம்தான் சொன்னாள்.

சாரதாமணி நிமிரவில்லை. அவர் மடியில் ஒரு பயிற்சிப் புத்தகம், கையில் ஒரு ரப்பர். யாரோ ஒரு குழந்தை பென்சிலால் எழுதிய விடைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. எதுல குறையறா?"

"மார்க்குல."

"பள்ளிக்கூடமே போகாத புள்ளைக்கு எங்கிருந்து மார்க்கு?"

"நான் போடறேனுங்க்கா."

அப்போதுதான் சாரதாமணி நிமிர்ந்து பார்த்தார்.

சேவூருக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் கோழிப்பண்ணையாக இருந்த நீளமான ஷெட் அது. கோழிகள் போய் ஆறு வருஷமாகிறது. மழை பெய்தால் மட்டும் வாசம் திரும்பி வரும். இப்போது உள்ளே முழுக்கப் புத்தகங்கள். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிற குடும்பங்கள், முடித்த பாடப் புத்தகங்களை இங்கே கொண்டுவந்து விடுவார்கள். சாரதாமணி எழுத்தை அழித்து, கிழிசலை ஒட்டி, அடுத்த குடும்பத்துக்குக் கொடுப்பார்.

அவர் தன்னுடைய இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமலே வளர்த்தவர். அதனால் யோசனை கேட்டுப் பல பேர் வருவார்கள். "அந்தம்மாகிட்ட கேள்வி கேட்டா பதில் வராது, ரப்பர்தான் வரும்" என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எரிச்சலோடு எழுதியிருந்தார். கோகிலா அதைப் படித்துவிட்டுத்தான் வந்தாள். வேறு போக்கிடம் இல்லை.

"எத்தனை பாடத்திட்டம் பாத்தீங்க?"

"பதினொண்ணுங்க்கா. ஒவ்வொண்ணும் ஒரு பெட்டி நிறையப் புஸ்தகமா வரும்."

கோகிலா பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தாள். பதினொரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் நிறை, குறை, வண்ணம் வண்ணமாக. ஷெட்டின் கம்பிவலை வழியே காற்று வந்து தாளைத் தூக்கியது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதின்மூன்று வருஷம் குவாலிட்டி பார்த்தவள் அவள். ஒரு நூல் பிசிறு கண்ணில் பட்டால் முழுக் கட்டையும் திருப்பி அனுப்புகிற ஆள். "கோகிலா மேடம் ஓகே பண்ணிட்டா கப்பல் கிளம்பிடலாம்" என்பார்கள் கம்பெனியில். அப்படிப்பட்டவள் வேலையை விட்டுவிட்டு மகளுக்குப் பாடத்திட்டம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? பதினான்கு மாதம் ஆகும். அப்போதும் முடியாது.

"மொதப் பெட்டிக்கு என்ன குறை?" சாரதாமணி கேட்டார்.

"ரொம்ப ஈஸி. டெஸ்ட் வெச்சேன், இருபதுக்கு இருபது வாங்கிட்டா. தெரிஞ்சதையே எதுக்குப் படிக்கணும்?"

"ரெண்டாவது?"

"அதுலயும் இருபது."

"மூணாவது?"

"படமெல்லாம் ஒரே பனி. நம்மூர்ல அந்தப் பனியை எங்க போய்க் காட்டறது?"

"நாலாவது?"

"தமிழ்லதான் போட்டிருந்தாங்க. ஆனா தமிழ் மாதிரி இல்ல."

"அஞ்சாவது?"

"எழுத்து பொடிசா இருந்துச்சு."

சாரதாமணி ஆறாவதைப் பற்றிக் கேட்கவில்லை.

"டெஸ்ட்டுன்னீங்களே?"

"ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு லெவல் டெஸ்ட் வருமுங்க்கா. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு பாக்க. இல்லாத பெட்டிக்கு நானே இருபது கேள்வி எழுதிருவேன். எல்லாத்தையும் ஒரே அளவுல பாக்கணுமல்ல."

"சரி. இப்ப எவ்வளவு வாங்கறா?"

கோகிலா தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"பதினொண்ணு. இருபதுக்குப் பதினொண்ணு. அதே கணக்கு, அதே வாசிப்பு. பெட்டியோட பேரு மட்டுந்தான் வேற. போன வருஷம் சுளுவாப் போட்டதெல்லாம் இப்பத் தப்பாப் போடறா."

கதை பிறகு மெல்ல மெல்ல வந்தது. மகள் பெயர் இளவெயினி. ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பில் அதிகமாகக் கேள்வி கேட்கிறாள் என்று ஒரு வாரம் வராந்தாவில் நிற்கவைத்தார்கள். அதற்குப் பிறகு பள்ளி வேனின் ஹாரன் கேட்டாலே வாந்தி எடுத்தாள். வேன் அவள் வீட்டுக்கு வராத நாட்களில், தெருவில் வேறு ஏதாவது வேன் ஹாரன் அடித்தாலும் எடுத்தாள். கோகிலா வேலையை விட்டாள், மகளைப் பள்ளியிலிருந்து எடுத்தாள். கணவன் தாமோதரன் அரைமனதாகச் சரியென்றான்.

"இப்ப அவரு கெடு வெச்சுட்டாருங்க்கா. ஜூன் ஒண்ணாந்தேதிக்குள்ள பாடம்னு ஒண்ணு ஆரம்பிக்கணும். இல்லீன்னா பழைய ஸ்கூல்லயே ஒரு வகுப்பு கீழ சேத்து விட்டுருவேங்கறாரு. மார்க்கெல்லாம் பாத்துட்டு, வீட்ல வெச்சு மண்டை மழுங்கிப் போச்சுங்கறாரு. இல்லைன்னு சொல்ல எனக்கும் வாய் வரல. பயமா இருக்குதுங்க்கா."

சாரதாமணி மடியிலிருந்த ரப்பர் தூசியைத் தட்டிவிட்டார்.

"எதை எடுக்கட்டும்? நீங்க ஒண்ணைச் சொல்லுங்க. கண்ணை மூடிட்டு எடுத்துக்கறேன்."

சாரதாமணி பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். ரப்பரை அதன்மேல் வைத்து நீட்டினார்.

"இதை அழிங்க."

வாட்ஸ்அப்பில் எழுதியவர் பொய் சொல்லவில்லை என்று கோகிலா நினைத்துக்கொண்டாள்.

ஐம்பது பக்கம். ஒன்றரை மணி நேரம். கோபத்தில் அழித்ததால் வேலை சீக்கிரமாகவே முடிந்தது.

"முடிஞ்சுதுங்க்கா."

"யாரு எழுதினது?"

"தெரியலைங்க. பேரு போடல."

"அடுத்த வாரம் வாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது கோகிலாவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கெடுவுக்கு மூன்று வாரம் இருந்தது. அதில் ஒரு நாளை ரப்பர் தூசியில் தொலைத்துவிட்டாள்.

ஆனாலும் அடுத்த வாரம் போனாள்.

இன்னொரு புத்தகம், அதே ரப்பர். இந்தத் தடவை அவளுக்கு வேகம் வரவில்லை. பத்துப் பக்கம் தாண்டியதும் கையைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகமானது. பதின்மூன்று வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா?

"யாரு எழுதினது?" சாரதாமணி கேட்டார்.

"இடதுகைப் பழக்கமுள்ள குழந்தைங்க. எழுத்துமேலயே கை தேய்ச்சுட்டுப் போயிருக்கு."

"அப்புறம்?"

"முப்பதாம் பக்கம் வரைக்கும் ஆசையா எழுதியிருக்கு. அதுக்கப்புறம் அழுத்தம் ஜாஸ்தி. பக்கத்துல யாரோ உக்காந்து அதட்டியிருக்காங்க. நாப்பத்திரெண்டாம் பக்கத்துல ஓரமா ஒரு பூனை வரைஞ்சிருக்கு. அதுல இருந்து மறுபடியும் கை லேசாயிருச்சு."

சாரதாமணி சிரித்துவிட்டார்.

"பூனையை அழிச்சுட்டீங்களா?"

"இல்லீங்க. மனசு வரல."

"இந்தக் குழந்தையைப் பாத்திருக்கீங்களா?"

"எங்கீங்க பாத்தேன்."

"சரி. அடுத்த வாரம் உங்க பொண்ணு எழுதின புஸ்தகத்தை எடுத்துட்டு வாங்க."

கோகிலா ரப்பரைக் கீழே வைத்தாள்.

"அவ எழுதின புஸ்தகம்னு ஒண்ணும் இல்லீங்க்கா. எல்லாப் பெட்டியும் புதுசாவே இருக்கு. டெஸ்ட் பேப்பர் மட்டுந்தான்."

"பதினாலு மாசத்துல?"

"எது சரின்னு தெரியாம எப்படீங்க ஆரம்பிக்கறது? பாதியில மாத்துனா புள்ளைக்குத்தானே கஷ்டம்."

அதுவரை எதற்கும் அசையாத சாரதாமணியின் முகம் மாறியது.

"அத்தனை நாளும் பாப்பா என்ன பண்ணுவா?"

"படம் வரைவா. ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பா. அடுத்த பெட்டி எப்பம்மா வரும்னு கேப்பா. படிப்புல ஆசை இருக்குதுங்க்கா, அதான் எனக்கு ஒரே ஆறுதல். டெஸ்ட்டுன்னா பென்சில் சீவிட்டு முன்னாடியே வந்து உக்காந்துருவா. சுத்தமும் ஜாஸ்தி. தப்பா எழுதிட்டா தடமே தெரியக் கூடாதாம். நல்ல ரப்பர் வேணும்னு கேட்டு வாங்கிட்டா."

"நல்ல ரப்பர் கேட்டாளா?"

"ஆமாங்க்கா. வெள்ளை ரப்பர்."

"அந்த டெஸ்ட் பேப்பரெல்லாம் இருக்குதா?"

"தேதிவாரியா பைல் பண்ணி வெச்சிருக்கேன்."

"எடுத்துட்டு வாங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

அந்த வாரம் பன்னிரண்டாவது பெட்டி வந்தது. கோகிலா அதைப் பிரிக்கவில்லை. ஏன் பிரிக்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. இளவெயினி பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"டெஸ்ட் எப்பம்மா?"

"வெப்பேன் சாமி."

மூன்றாம் முறை இருவரும் சேர்ந்து போனார்கள். கெடுவுக்கு ஒரு வாரம் இருந்தது.

சாரதாமணி இளவெயினியின் பெயரைக் கேட்டார், ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். இஷ்டப்பட்டதை எடுத்துப் பார்க்கச் சொன்னார். குழந்தை ஷெட்டின் மறுகோடிக்குப் போனது. எப்படித்தான் கண்டுபிடித்ததோ, பூனை இருந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தது.

சாரதாமணி தரையைப் பெருக்கி, பதினொரு தாளையும் தேதி வரிசைப்படி பரப்பினார். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தார்.

"மார்க்கைப் படிங்க."

கோகிலா படித்தாள். "இருபது. இருபது. பத்தொன்பது. பதினெட்டு. பதினேழு."

"நிறுத்தாதீங்க."

"பதினாறு. பதினஞ்சு. பதினாலு. பதிமூணு. பன்னெண்டு. பதினொண்ணு."

படித்து முடித்ததும் அவளுக்கு மறுபடி அழுகை வந்தது. "பாத்தீங்களாக்கா. இறங்கிட்டே வர்றா."

"குவாலிட்டி பாத்தவங்கதானே நீங்க?"

"ஆமாங்க."

"துணியில கோளாறு இப்படி வருமா? இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டு, அதுக்கடுத்த நாள் மூணுன்னு?"

"வராதுங்க்கா. ஒரு நாளைக்கு அஞ்சு வரும், ஒரு நாளைக்கு ஒண்ணுமே வராது. மெஷின் போயிருச்சுன்னா ஒரேயடியா வரும். இப்படிப் படி வெச்ச மாதிரி வரவே வராது."

"வந்தா?"

"வந்தா யாரோ வேணும்னே…"

கோகிலா அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

சாரதாமணி கடைசித் தாளின் மேலிருந்த கல்லை எடுத்தார். ரப்பரைக் கோகிலாவின் கையில் வைத்தார்.

"அழிங்க."

கோகிலா அழிக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு கம்பிவலைப் பக்கம் போனாள். வெயில் சாய்வாக விழுகிற இடத்தில், தையலைப் பார்ப்பதுபோல் தாளைச் சரித்துப் பிடித்தாள்.

ஏழாவது கேள்வி. ஏழெட்டு எவ்வளவு? ஐம்பத்திநாலு என்று எழுதியிருந்தது. அதன் அடியில் பென்சில் அழுந்திய தடம் ஒன்று இருந்தது. ஐம்பத்தியாறு.

ஒன்பதாவது கேள்வி. தப்பான விடை. அடியில் சரியான விடை.

பன்னிரண்டாவது. பதின்மூன்றாவது.

அந்தத் தாளில் ஒன்பது தப்பு. ஒன்பதுக்கும் அடியில் சரியான விடை இருந்தது. எங்கும் தாள் கிழியவில்லை, கறை இல்லை. மெதுவாக, சுத்தமாக, கட்டத்தை விட்டு வெளியே போகாமல் அழித்திருந்தது. தடுமாறுகிற குழந்தை அப்படி அழிக்காது.

கோகிலா திரும்பி வந்து அடுத்த தாளை எடுத்தாள். பிறகு அதற்கு முந்தியது. பிறகு அதற்கும் முந்தியது. கல்லெல்லாம் உருண்டன. ஒன்பது தாள்களில் மொத்தம் நாற்பத்தைந்து தப்பு. நாற்பத்தைந்தும் முதலில் சரியாக எழுதப்பட்டவை.

எட்டடி தள்ளி நின்று ஒற்றை நூல் பிசிறைக் கண்டுபிடித்தவள். இந்தத் தாள்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் மார்க்குப் போட்டதும் அவள்தான். வீட்டில், தன் கைக்கெட்டும் தூரத்தில், ஒன்பது மாதமாக நடந்ததை அவள் பார்க்கவில்லை.

"வெயினி," என்றாள். "இங்க வா."

குழந்தை புத்தகத்தோடு வந்தது. தரையில் கிடந்த தாள்களைப் பார்த்தது. சாரதாமணியைப் பார்த்தது. ரப்பரைப் பார்த்தது.

"இதெல்லாம் நீ அழிச்சதா?"

"ஆமா."

"மொதல்ல சரியாத்தானே போட்டிருந்தே?"

"எப்பவும் மொத எல்லாம் சரியாப் போட்டுப் பாத்துக்குவேன். அப்புறம் எதைத் தப்பாக்கறதுன்னு யோசிப்பேன்."

"ஏன் சாமி?"

இளவெயினி அம்மாவின் முகத்தை ஆராய்ந்தாள். திட்டு இல்லை என்று தெரிந்ததும் சொன்னாள்.

"எல்லாம் சரியாப் போட்டா ஈஸின்னு பெட்டியை மூடிட்டே. அதான் ஒரு தப்புப் போட்டேன். அதுக்கும் மூடிட்டே. அப்புறம் ரெண்டு."

"அப்புறம்?"

"எத்தனை தப்புப் போட்டா நீ பாடம் ஆரம்பிப்பேன்னு தெரியலம்மா. ஒவ்வொண்ணாத்தான் கூட்டிப் பாக்கணும். ஒரேயடியா பத்துப் போட்டேன்னா, நடுவுல எங்கியாச்சும் அது இருந்தா விட்டுப் போயிரும்."

சாரதாமணி குனிந்துகொண்டார். அவரால் பார்க்க முடியவில்லை.

"வீட்டுல ஒரு பெட்டி வந்திருக்கே, அதுக்கு எத்தனை?" என்று கோகிலா கேட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

"பத்து."

"அதுலயும் ஆரம்பிக்கலைன்னா?"

"பதினொண்ணு."

"இருபதும் தப்பாப் போட்டும் நான் ஆரம்பிக்கலைன்னா?"

இதையும் இளவெயினி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

"இருபதுக்கு மேல தப்புப் போட முடியாதும்மா. அதுக்கப்புறம் ஸ்கூலுக்கே போறேன்னு அப்பாகிட்டச் சொல்லிரலாம்னு இருந்தேன். வாந்தி வராம இருக்கறதுக்கு மூச்சைப் பிடிச்சுப் பழகிட்டிருக்கேன்."

காற்றில் இரண்டு தாள்கள் எழும்பி, தூரமாகப் போய் விழுந்தன. எடுக்க யாரும் போகவில்லை.

கோகிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாரதாமணி அவள் விரல்களைப் பிரித்து ரப்பரை எடுத்துக்கொண்டார். அதே கையில் ஒரு பென்சிலை வைத்தார்.

கோகிலா கொஞ்ச நேரம் பென்சிலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, கைக்கு எட்டிய குவியலிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தாள். அட்டையைப் பார்க்கவில்லை. யார் போட்டது, எந்த ஊர்ப் படம், எழுத்து பொடிசா பெரிசா, ஒன்றையும் பார்க்கவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து தரையில் வைத்தாள்.

"வா, உக்காரு. படிக்கலாம்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

இளவெயினி அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். பென்சிலை வாங்கிக்கொண்டாள். புத்தகத்தின் முன்பக்கத்தைப் புரட்டினாள், பின்பக்கத்தைப் புரட்டினாள். ஏதாவது மடித்து வைத்திருக்கிறதா என்று தலைகீழாகப் பிடித்து உதறியும் பார்த்தாள்.

"இதுக்கு டெஸ்ட் எங்கம்மா?"